டூ ரன், த்ரீ ரன் கேபிள்களின் நீளத்தைச் சமமாக்குவது: முழுமையான வழிகாட்டி

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மெயின் பேனலுக்கு ஒரு கேபிள் போதாதபோது இரண்டு அல்லது மூன்று கேபிள்களை இணையாகப் போடுகிறோம். இந்த இணை ஓட்டம் ஒவ்வொன்றும் ஒரு ‘ரன்’. சைஸ் தேர்வு செய்யும் கணக்கை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். கரண்ட் எல்லாக் கேபிளிலும் சமமாகப் பிரியும் என்பதை நம்பித்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. அப்படிப் பிரிய வைப்பது கேபிள் போடுகிறவர் கையில் இருக்கிறது. டிராயிங்கில் ‘2 ரன்’ என்று எழுதியவர் கையில் இல்லை.

கீழே வரும் படிகளுக்கு ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்கிறேன்: 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 11 கேவி / 433 வோல்ட். முழு லோடில் எல்டி (தாழ்வழுத்த, 433 வோல்ட்) பக்கம் சுமார் 667 ஆம்பியர். அங்கிருந்து பேனலுக்கு 3.5 கோர் 300 சதுர மி.மீ. அலுமினிய எக்ஸ்எல்பிஇ ஆர்மர்டு கேபிள், இரண்டு ரன். 3.5 கோர் என்றால் மூன்று ஃபேஸுக்கு மூன்று முழு அளவுக் கடத்திகளும் (கோர்) நியூட்ரலுக்குப் பாதி அளவில் ஒன்றும்; எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன் வகை; ஆர்மர் கோர்களைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசம். சின்னத் தொழிற்சாலை, கல்யாண மண்டபம், நடுத்தர மருத்துவமனை என்று எங்கும் பார்க்கக்கூடிய அமைப்புதான்.

இது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் சூப்பர்வைசரும் கூட இருந்து செய்ய வேண்டிய வேலை. 11 கேவி பக்கத்துச் சுவிட்சைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டி, எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும். ஜெனரேட்டர், சோலார் இன்வெர்ட்டர், கெப்பாசிட்டர் பேங்க் மூன்றும் பேனல் பக்கமிருந்து பின்வழியாக மின்சாரம் கொடுக்கக்கூடியவை. அவற்றையும் தனியாகப் பிரித்து, டிஸ்சார்ஜ் செய்துவிடுங்கள்.

1. முதலில் கணக்கு: சூடாவது குட்டைக் கேபிள்

புதிதாக வருகிறவர்கள் நீளமான கேபிளைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். உண்மை நேர்மாறு. நீளம் கூடினால் தடை கூடும், அதில் கரண்ட் குறையும். மிச்சக் கரண்ட் முழுவதும் குட்டைக் கேபிளுக்குப் போகும்.

நம் உதாரணத்தில் ஒரு ரன் 11 மீட்டர், இன்னொன்று 16 மீட்டர் என்று வைப்போம். ஒன்று சுவரில் ஓட்டை போட்டு நேராக வந்தது. மற்றது டிரெஞ்ச் வழியாகத் தூணைச் சுற்றி வந்து, பேனலுக்கு அடியில் ஒரு வளையமும் விட்டுக் கிடக்கிறது. 667 ஆம்பியரில் குட்டைக் கேபிளின் பங்கு 16/27, அதாவது 395 ஆம்பியர். நீளமானதற்கு 272 ஆம்பியர்தான்.

தயாரிப்பாளர் அட்டவணை ஒரு கேபிளுக்குக் காற்றில் 450 ஆம்பியர் சொல்வதாக எடுத்துக்கொள்வோம். துளையுள்ள டிரேயில் (கேபிளைத் தாங்கும் உலோகத் தட்டு) இரண்டு கேபிள் ஒட்டிக் கிடந்தால் 0.88 ஆல் பெருக்க வேண்டும். ஒன்றுக்கு 396 ஆம்பியர் வரும். இரண்டும் சேர்ந்து 792 ஆம்பியர் தாங்கும் என்று காகிதம் சொல்கிறது. ஆனால் 667 ஆம்பியரிலேயே குட்டைக் கேபிள் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. சரிபாதியாகப் பிரிந்திருந்தால் 333 ஆம்பியர் ஓடியிருக்கும்; 395 ஓடும்போது ஒரு மீட்டருக்கு உண்டாகும் வெப்பம் 40 சதவீதம் அதிகம், ஏனென்றால் வெப்பம் கரண்டின் வர்க்கத்தோடு ஏறும். பிரேக்கருக்கு இது எதுவும் தெரியாது. அது மொத்தக் கரண்டை மட்டும்தான் பார்க்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, வித்தியாசத்தை மீட்டரில் பார்க்காமல் சதவீதத்தில் பார்க்க வேண்டும். 100 மீட்டர் ஓட்டத்தில் ஒன்றரை மீட்டர் வித்தியாசம் ஒன்றுமே இல்லை; 10 மீட்டர் ஓட்டத்தில் அது 15 சதவீதம். ‘பக்கத்திலேதானே இருக்கு’ என்று அலட்சியமாகப் போடும் குட்டை ஓட்டங்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

இரண்டாவது, மூன்று ரன்னில் ஒன்று மட்டும் குட்டையாக இருப்பது, ஒன்று மட்டும் நீளமாக இருப்பதைவிட மோசம். 20, 20, 24 மீட்டர் என்றால் குட்டையானவை இரண்டும் ஆளுக்கு 35.3 சதவீதம் எடுக்கும். 20, 24, 24 என்றால் அந்த ஒற்றைக் குட்டைக் கேபிள் தனியாக 37.5 சதவீதம் எடுக்கும். எனவே ஒரு கேபிளுக்கு மட்டும் குறுக்குவழி கிடைக்கிறது என்றால் அதில் விடாதீர்கள். எல்லாம் அந்த வழியில் போகட்டும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம்.

ஒரே ஃபேஸில் இணையாக ஓடும் கேபிள்களுக்கு இடையே கரண்ட் வித்தியாசம், ஒரு கேபிளுக்குரிய வடிவமைப்புக் கரண்டில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் அதைச் சமமான பகிர்வாக ஐஇசி 60364 என்ற சர்வதேசத் தரநிலை ஏற்கிறது. அந்த 10 சதவீதத்தையும் நீளத்துக்கே செலவழித்துவிடாதீர்கள். லக்கும் (கோர் முனையில் பொருத்தும் உலோக இணைப்பி) போல்டும் தங்கள் பங்கைக் கேட்கும். நீளத்துக்கு 2 சதவீதம் என்று இலக்கு வைத்தால் நிம்மதி.

2. எதை எதோடு சமமாக்க வேண்டும்

மூன்று ஃபேஸுக்கும் ஆர், ஒய், பி என்று பெயர். முதல் ரன்னின் ஆர் கோரை இரண்டாவது ரன்னின் ஆர் கோரோடு. ஒய்யை ஒய்யோடு, பியை பியோடு, நியூட்ரலை நியூட்ரலோடு. அவ்வளவுதான்.

ஆர் ஃபேஸும் ஒய் ஃபேஸும் ஒரே நீளம் இருக்க வேண்டியதில்லை. பேனலில் ஆர் பஸ்பார் (கேபிள் வந்து சேரும் உலோகப் பட்டை) மேலேயும் பி பஸ்பார் கீழேயும் இருந்தால் வால்கள் (வெளியுறை சீவிய பிறகு பஸ்பார் வரை போகும் கோர் முனைகள்) வேறு வேறு நீளத்தில்தான் வரும், அதில் தவறில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் மூன்று ஃபேஸின் வால்களையும் ஒரே நீளத்தில் வெட்டி, மிச்சத்தைப் பேனலுக்குள் மடித்துத் திணிக்கிறவர்களும் உண்டு.

நீளம் மட்டும் பொருந்தினால் போதாது. உலோகம், குறுக்களவு, இன்சுலேஷன் வகை, லக்கு, அது உட்காரும் விதம் எல்லாம் பொருந்த வேண்டும். 300 ஒன்றும் 240 ஒன்றும் போட்டு ‘240ஐக் கொஞ்சம் குட்டையாக விட்டால் சரியாகிவிடும்’ என்று கணக்கு பேசுபவரை நம்ப வேண்டாம். தடை வேண்டுமானால் பொருந்தலாம். சிறிய கேபிள் தாங்கும் கரண்ட் பொருந்தாது. வழியில் எந்த ஒரு ரன்னிலிருந்தும் கிளை எடுக்கவும் கூடாது.

இன்னொரு ஆபத்தான தவறை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மல்டிகோர் (பல கோர் உள்ள) கேபிள் இருக்கிறது, மூன்று ஃபேஸ் இருக்கிறது. ஒரு கேபிளின் எல்லாக் கோரையும் சேர்த்து ஆர், அடுத்தது ஒய், அடுத்தது பி என்று கட்டிவிடுவது. வேலை சுலபம், வாலும் ஒரே இடத்துக்குப் போகும். ஆனால் ஒவ்வொரு கேபிளுக்குள்ளும் மூன்று ஃபேஸும் இருந்தால்தான் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே ஃபேஸ் மட்டும் ஓடினால் இரும்பு ஆர்மரும், அது நுழையும் இரும்பு கிளாண்ட் பிளேட்டும் சூடேறும். நீளம் மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தாலும் இதைக் காப்பாற்ற முடியாது.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரே தயாரிப்பாளர், ஒரே ஆர்டர், முடிந்தால் ஒரே டிரம். கோர்கள் கேபிளுக்குள் முறுக்கிக் கிடப்பதால் கோரின் உண்மை நீளம் கேபிளின் நீளத்தைவிடச் சற்று அதிகம். அந்த முறுக்கு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஸ்டோரில் கிடக்கும் பழைய துண்டு ஒன்று, புது டிரம்மிலிருந்து ஒன்று என்று ஜோடி சேர்த்தால் வெளியே அளந்த நீளம் பொருந்தியும் தடை பொருந்தாமல் போகலாம்.

3.5 கோர் 300 கேபிளில் நியூட்ரல் கோர் 150 சதுர மி.மீ. தான். எல்இடி, யுபிஎஸ், விஎஃப்டி (மோட்டார் வேகக் கட்டுப்படுத்தி) அதிகமுள்ள கட்டடத்தில் நியூட்ரல் கரண்ட் எதிர்பாராத அளவுக்கு ஏறும். அங்கே முழு அளவு நியூட்ரல் உள்ள 4 கோர் கேட்பது நல்லது. இதை ஆர்டருக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள். பிறகு யாராலும் மாற்ற முடியாது.

மற்றவை: இழுவைக்கு நீளாத நைலான் கயிறு, டேப், நிரந்தர மார்க்கர், கேபிள் டேக், ஒரே மாதிரியான லக்குகள், அவற்றுக்குப் பொருந்தும் டையோடு (அழுத்தும் அச்சு) ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் (லக்கைக் கோரில் அழுத்திப் பிடிக்க வைப்பது), அலுமினிய இணைப்புப் பசை, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்குவது), மெகர் (இன்சுலேஷனைச் சோதிப்பது), மைக்ரோ ஓம் மீட்டர் (மிகச் சிறிய தடையை அளப்பது), டாங் டெஸ்டர் (கம்பியைச் சுற்றிக் கவ்விக் கரண்டை அளப்பது). மைக்ரோ ஓம் மீட்டர் இல்லையென்றால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். குட்டை ஓட்டத்தில் டேப் சொல்லாததை அது சொல்லும்.

நான்கு ரன்னுக்கு மேல் கேட்கிறது என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு பஸ் டக்ட் (கேபிளுக்குப் பதிலாகப் பெட்டிக்குள் ஓடும் உலோகப் பட்டைகள்) விலையைக் கேட்டுப் பாருங்கள். அத்தனை கேபிளின் வால்களையும் சமப்படுத்தும் கூலியும் தலைவலியும் சேர்ந்தால் விலை வித்தியாசம் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

4. பாதையைக் கயிற்றால் அளப்பது

டிராயிங்கில் உள்ள நீளத்தை நம்பி வெட்டக் கூடாது. ஒவ்வொரு ரன்னுக்கும் தனித்தனியாக, அது கிடக்கப்போகும் அதே இடத்தில் கயிறு விட்டு அளக்க வேண்டும். ‘இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தானே’ என்று ஒன்றை மட்டும் அளந்து இரண்டாகப் பெருக்குவதுதான் முதல் தவறு.

தொடக்கப் புள்ளி டிரான்ஸ்ஃபார்மர் எல்டி புஷ்ஷிங்கில் (வெளியே நீட்டி நிற்கும் இணைப்பு முனை) லக்கு உட்காரும் போல்ட். முடிவுப் புள்ளி பேனல் பஸ்பாரின் போல்ட். கிளாண்டிலிருந்து (கேபிள் நுழையும் இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் பொருத்தி) கிளாண்டுக்கு அளந்தால் வால்களின் வித்தியாசம் கணக்கிலேயே வராது. ஆறு போல்ட் இருந்தால் ஆறு இடமும் அளக்க வேண்டும்.

வளைவுகளைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். கேபிள் மையத்துக்கு மையம் 60 மி.மீ. இடைவெளி என்றால், ஒரு 90 டிகிரி வளைவில் உள்ளே போகும் கேபிளுக்கும் வெளியே போகும் கேபிளுக்கும் வித்தியாசம் சுமார் 94 மி.மீ. இடதும் வலதுமாக மாறி மாறி வளைந்தால் கழிந்துவிடும். ஒரே பக்கமாக நான்கு முறை வளைந்தால் 38 சென்டிமீட்டர் சேரும். குட்டை ஓட்டத்தில் அதைக் கணக்கில் எடுங்கள். 60 மீட்டர் ஓட்டத்தில் விட்டுவிடலாம்.

அளவுகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: ஆர்1, ஆர்2, ஒய்1, ஒய்2 என்று. கடைசிச் சோதனை வரை இந்தத் தாள் கூடவே வரும். வேலை முடிந்ததும் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள்.

5. வெட்டுவது

எந்த ரன்னின் பாதை நீளமோ, அந்த நீளத்துக்கு எல்லா ரன்னையும் வெட்ட வேண்டும். இரண்டு முனையிலும் வால் சீவுவதற்கு ஒரே அளவு மிகுதி விடுங்கள். அரை மீட்டர் என்றால் எல்லாக் கேபிளுக்கும், இரு முனைக்கும், அரை மீட்டர்.

வெளியுறையில் மீட்டர் எண் அச்சிடப்பட்ட கேபிள் என்றால் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வெட்டுவதற்கு அந்த எண்ணை மட்டும் நம்பாமல், முதல் கேபிளைத் தரையில் நீட்டிப் போட்டு இரண்டாவதை அதன் பக்கத்தில் வைத்து வெட்டுவது உத்தமம். இடம் இருந்தால் இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை.

ஒரு ரன்னை இழுத்து முடித்து, வால் சீவி, லக்கும் போட்டுவிட்டு, பிறகு அடுத்ததை வெட்டுகிற பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படிச் செய்தால் முதல் ரன்னில் எவ்வளவு சீவிப் போட்டோம் என்பது குப்பையோடு போய்விடும். எல்லாக் கேபிளையும் வெட்டி, எல்லாவற்றையும் இழுத்துப் போட்ட பிறகே முதல் கிளாண்டைத் தொட வேண்டும்.

6. இழுப்பதும், மிச்ச நீளத்தை ஒளிப்பதும்

பாதை குட்டையான ரன்னில் மிச்சம் விழும். அதை எங்கே வைப்பது என்பதை இழுப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சரியான இடம் பேனலுக்கு அடியிலுள்ள டிரெஞ்ச், அல்லது டிரே அகலமாக இருக்கும் பகுதி. மெதுவான ‘எஸ்’ வளைவாகப் படுக்க வைத்தால் போதும்.

வளைவுக்கு எல்லை உண்டு. ஐஎஸ் 1255 என்ற இந்தியத் தரநிலைப்படி 1.1 கேவி மல்டிகோர் கேபிளை வெளி விட்டத்தின் 12 மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக் கூடாது. சிங்கிள் கோருக்கு (ஒரே கடத்தி உள்ள கேபிள்) 15 மடங்கு. 60 மி.மீ. தடிமனுள்ள கேபிளுக்கு 72 சென்டிமீட்டர் ஆரம். டிரெஞ்ச் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் மிச்சத்தை அங்கே திணிக்காதீர்கள். இரண்டு ரன்னையும் ஒரே வழியில் விட்டு மிச்சமே இல்லாமல் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

வட்டமாகச் சுருட்டி வைப்பது வேண்டாம். மல்டிகோரில் மூன்று ஃபேஸும் உள்ளேயே இருப்பதால் சுருள் தூண்டலைப் (காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) பெரிதாகக் கூட்டாது; ஆனால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வெப்பம் வெளியேறாது. சிங்கிள் கோரில் சுருட்டினால் தூண்டலும் ஏறிக் கரண்ட் பங்கீட்டையே கெடுத்துவிடும்.

இரண்டு ரன்னும் ஒரே சூழலில் கிடக்க வேண்டும். ஒன்று மொட்டை மாடி வெயிலில், மற்றது டிரெஞ்சுக்குள் என்றால், அலுமினியத்தின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் மாறும். 10 டிகிரி வித்தியாசம் 4 சதவீதம் நீள வித்தியாசத்துக்குச் சமம். போதாததற்கு, வெயிலில் கிடக்கும் கேபிள் தாங்கும் கரண்டும் குறைவு.

இழுத்த உடனே இரு முனையிலும் டேக் கட்டுங்கள். பிறகு கட்டலாம் என்று விட்டால் டிரெஞ்சுக்குள் எது எது என்று தெரியாது.

7. சிங்கிள் கோர் என்றால் கூடுதலாக ஒரு வேலை

சிங்கிள் கோர் கேபிளில் நீளம் ஒத்துப்போனாலும் கரண்ட் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒரு கேபிளின் தூண்டல் அதன் பக்கத்தில் எந்த ஃபேஸ் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பெரிய சைஸில் தூண்டல் தடையோடு போட்டி போடும் அளவுக்கு இருக்கும். அலுமினியத்தில் 70 சதுர மி.மீ., செம்பில் 50 சதுர மி.மீ. தாண்டிவிட்டால் அமைப்பைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று ஐஇசி 60364-5-52 சொல்கிறது.

மூன்று ஆர் கேபிளை ஒரு கட்டாக, மூன்று ஒய்யை ஒரு கட்டாகக் கட்டக் கூடாது. ஒவ்வொரு ரன்னிலும் ஆர், ஒய், பி மூன்றையும் முக்கோணமாகச் சேர்த்துக் கட்டுங்கள். தட்டையாகத்தான் போட முடியும் என்றால் இரண்டு ரன்னுக்கு ஆர்-ஒய்-பி, பி-ஒய்-ஆர் என்று கண்ணாடிப் பிம்பமாக அடுக்குங்கள். ஆர்-ஒய்-பி, ஆர்-ஒய்-பி என்று அடுக்கினால் ஓரத்தில் இருக்கும் ஆர்1க்கும், நடுவில் பி1ஐ ஒட்டிக் கிடக்கும் ஆர்2க்கும் சூழல் வேறு, கரண்டும் வேறாகும்.

கிளாண்ட் பிளேட் அலுமினியமாக இருக்கட்டும். இரும்புத் தகட்டில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் தனித் துளை போட்டால் துளையைச் சுற்றிச் சூடேறும். ஆர்மரும் இரும்பாக இருக்கக் கூடாது, அலுமினியக் கம்பியாக இருக்க வேண்டும்.

8. வால் சீவுவது: சமம் கெடும் இடம்

இதுவரை ஒழுங்காகச் செய்தவர்கள்கூடக் கோட்டை விடுவது இங்கேதான். கேபிள் நீளம் சரி, பாதை சரி. பிறகு ஃபிட்டர் பேனலுக்குள் தலையை விடுகிறார். ஒரு கிளாண்ட் பஸ்பாருக்கு நேர் கீழே இருக்கிறது, மற்றது 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நேர் கீழே உள்ளதன் வாலை அழகாக இருக்கட்டும் என்று நறுக்கென்று வெட்டிவிடுகிறார். 11 மீட்டர் ஓட்டத்தில் அந்த ஒரு வெட்டு 3.6 சதவீதம். டிரான்ஸ்ஃபார்மர் முனையிலும் அதே கேபிளில் அதே மாதிரி வெட்டினால் 7 சதவீதம்.

முறை இதுதான். கிளாண்ட் பொருத்தி, ஆர்மரையும் வெளியுறையையும் எல்லா ரன்னிலும் ஒரே இடத்தில் சீவுங்கள். ஆர் ஃபேஸில் எந்த ரன்னின் கோர் தொலைவு போக வேண்டுமோ அதை முதலில் வளைத்து, போல்ட் இடத்தில் பிடித்துப் பார்த்து வெட்டுங்கள். வெட்டிய கோரின் நீளத்தைக் கிளாண்டிலிருந்து அளந்து, மற்ற ரன்னின் ஆர் கோரையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் கோரில் வரும் மிச்சத்தை ஒரு அகன்ற வளைவாக விட்டுக் கட்டலாம். பிறகு ஒய், பிறகு பி, பிறகு நியூட்ரல்.

பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருக்காது. பேனல் கதவைத் திறந்து பார்க்கும் கிளையன்ட் ‘ஏன் இது மட்டும் சுற்றிப் போகுது?’ என்று கேட்கலாம். பதில் சொல்லுங்கள், வெட்டிவிடாதீர்கள்.

இடம் இருந்தால் ஒரு மாற்று வழி உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் முனையில் போல்ட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளாண்டில் நுழைந்த ரன் பேனல் முனையில் தொலைவான கிளாண்டில் நுழையட்டும். ஒரு முனையில் குறைவது மறு முனையில் கூடிச் சமமாகிவிடும். இதைக் கேபிள் இழுக்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

9. லக்கும் கிரிம்பிங்கும் நீளம்தான்

300 சதுர மி.மீ. அலுமினியத்தின் தடை 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 0.1 ஓம். அதாவது ஒரு மீட்டருக்கு 0.1 மில்லி ஓம். ஒரு லக்கு இணைப்பு சரியாக அமையாமல் 0.1 மில்லி ஓம் கூடுதல் தடை காட்டினால், அந்தக் கேபிளில் ஒரு மீட்டர் கூடுதலாகச் சேர்த்த மாதிரிதான். டேப்பை வைத்து மில்லிமீட்டர் பார்த்தவர் லக்கை அலட்சியமாகப் போட்டால் அளந்ததெல்லாம் வீண்.

அலுமினியம் காற்றுப் பட்டவுடன் ஆக்ஸைடு படலம் போர்த்திக்கொள்ளும். அந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. கோரை வயர் பிரஷ்ஷால் தேய்த்த கையோடு பசை தடவி லக்குக்குள் செருகுங்கள். எல்லா வாலையும் காலையில் தேய்த்து வைத்துவிட்டு மதியம் கிரிம்ப் செய்வது தேய்க்காததற்குச் சமம்.

எல்லா ரன்னுக்கும் ஒரே லக்கு, ஒரே டை, ஒரே எண்ணிக்கையில் அழுத்தம். ஒரு லக்கில் இரண்டு அழுத்து, இன்னொன்றில் மூன்று என்று விடாதீர்கள். செம்பு பஸ்பாரில் அலுமினிய லக்கு நேரடியாக உட்காரக் கூடாது. பைமெட்டல் (அலுமினியமும் செம்பும் சேர்ந்த) லக்கோ வாஷரோ வேண்டும். போல்ட் இறுக்கம் பேனல் தயாரிப்பாளர் கொடுத்த எண்ணுக்கு, டார்க் ரெஞ்சால். இறுக்கியதும் மார்க்கரால் ஒரு கோடு. பின்னாளில் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும்.

10. போல்ட்டில் சேர்க்கும் முன் சோதனை

எல்லா ரன்னையும் பஸ்பாரில் முடுக்கிவிட்டு மெகர் போடாதீர்கள். சேர்ந்த பிறகு எந்த ரன்னில் குறை என்று தெரியாது. ஒவ்வொரு ரன்னும் தனித்து நிற்கும்போதே மூன்று சோதனையையும் முடிக்க வேண்டும்.

முதலில் அடையாளம். ஆர்1 மறுமுனையிலும் ஆர்1தானா என்று ஒவ்வொரு கோராகத் தொடர்ச்சி பாருங்கள். ஒரு முனையில் ஆர்2வும் ஒய்2வும் மாறியிருந்தால், பிரேக்கரைப் போட்ட நொடியில் இரண்டு ஃபேஸும் நேருக்கு நேர் ஷார்ட் ஆகும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அடுத்து 1000 வோல்ட் மெகர்: கோருக்குக் கோர், கோருக்கு ஆர்மர்.

மூன்றாவது, தடை. கேபிள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீண்டு கிடக்கும்போது மைக்ரோ ஓம் மீட்டரின் வயர் எட்டாதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். கேபிளின் சொந்தக் கோர்களையே வயராகப் பயன்படுத்தலாம். மறுமுனையில் முதல் ரன்னின் ஆர், ஒய், நியூட்ரல் மூன்று லக்கையும் ஒரே போல்ட்டில் இறுக்குங்கள். இந்த முனையில் மீட்டரின் கரண்ட் வயர்களை ஆர் லக்கிலும் ஒய் லக்கிலும் மாட்டுங்கள். வோல்டேஜ் வயர்களில் ஒன்றை ஆர் லக்கிலும் மற்றதை நியூட்ரல் லக்கிலும் வையுங்கள். நியூட்ரல் கோரில் கரண்ட் ஓடாததால் அது வெறும் அளவு வயராக நிற்கும். மீட்டர் ஆர் கோரின் தடையை மட்டும், இரு முனை கிரிம்ப்போடு சேர்த்துக் காட்டும்.

11 மீட்டருக்கு 20 டிகிரியில் சுமார் 1.1 மில்லி ஓம் வர வேண்டும். வெயில் நாளில் சற்றுக் கூடும். அந்த எண் முக்கியமில்லை. ஆர்1க்கும் ஆர்2க்கும் வித்தியாசம் எவ்வளவு என்பதுதான் வேண்டும். சில சதவீதத்துக்குள் என்றால் போல்ட் போடலாம். அதற்கு மேல் என்றால் மறுமுனைப் போல்ட்டை மீண்டும் இறுக்கி ஒருமுறை அளந்து பாருங்கள். தற்காலிக இணைப்பே பொய் சொல்லியிருக்கலாம்.

11. லோடு ஏற்றிய பிறகு

டாங் டெஸ்டரை முழுக் கேபிளையும் சுற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு ‘கரண்டே காட்டலியே சார்’ என்று வரும் ஹெல்பரை எல்லா சைட்டிலும் பார்க்கலாம். மூன்று ஃபேஸும் உள்ளே இருப்பதால் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். கிளாண்டுக்கு மேலே, ஒவ்வொரு வாலிலும் தனித்தனியாகப் போட வேண்டும். மின்சாரம் ஓடும் பேனல் என்பதால் உரிய கையுறை, முகக் கவசத்தோடு, வழியில் எதுவும் இடிக்காத இடமாகப் பார்த்து.

லோடு மூன்றில் ஒரு பங்காவது இருக்கும்போது அளந்து பாருங்கள். 20 ஆம்பியர் ஓடும்போது 9, 11 என்று காட்டினால் அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. லோடு ஆடிக்கொண்டிருந்தால் இரண்டு மீட்டரை ஒரே நேரத்தில் ஆர்1, ஆர்2வில் போட்டுப் படியுங்கள். ஓடிச் சூடு நிலைத்த பிறகு இன்னொரு முறை.

கூட்டிப் பாருங்கள். ஆர்1 + ஆர்2, பேனல் மீட்டர் காட்டும் ஆர் கரண்டுக்குச் சமமாக வர வேண்டும்.

12. எண் சரியில்லை என்றால் எங்கே தேடுவது

ஆர், ஒய், பி மூன்றிலும் ஒரே ரன் ஒரே விகிதத்தில் குறைவாக எடுக்கிறது என்றால் கேபிள் நீளம்தான் காரணம். அந்த ரன் நீளமாகக் கிடக்கிறது, அல்லது வேறு சூழலில் கிடக்கிறது.

ஒரு ஃபேஸில் மட்டும் வித்தியாசம் என்றால் கேபிளைத் தோண்ட வேண்டாம். அந்த ஃபேஸின் வால், லக்கு, போல்ட் இவற்றில் ஒன்றுதான். தெர்மல் கேமரா இருந்தால் லக்கைப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: கெட்ட லக்கு உள்ள கோரில் கரண்ட் குறைந்துவிடுவதால், லக்கின் சூடு அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், பக்கத்து ரன்னின் நல்ல கோர் முழுவதும் சூடாகத் தெரியும். சூடானதைப் பழுது என்று எண்ணி நல்ல லக்கைக் கழற்றுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தெர்மல் படத்தை டாங் டெஸ்டர் எண்ணோடு சேர்த்தே படியுங்கள்.

சிங்கிள் கோரில் ஃபேஸுக்கு ஃபேஸ் வித்தியாசம் வேறு வேறு திசையில் ஆடினால் அடுக்கு முறை தவறு. 7ஆம் படிக்குத் திரும்புங்கள்.

13. பின்னாளில் ஒரு ரன் பழுதானால்

ஒரு ரன்னை வெட்டி நடுவில் ஜாயிண்ட் போட்டால் அந்த ரன்னின் தடை மாறும். ஜாயிண்ட் போட்ட பிறகு 10ஆம் படியின் தடைச் சோதனையையும் 11ஆம் படியையும் மறுபடி செய்ய வேண்டும். ஒரு ரன்னை முழுவதுமாக மாற்றினால், பழைய ரன்னின் நீளத்தைத் தாளில் பார்த்து வெட்டுங்கள். அளந்து எழுதிய தாளைப் பேனல் கதவின் உட்பக்கம் ஒட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அவசரத்துக்கு ஒரு ரன்னைக் கழற்றிவிட்டு மற்றதில் ஓட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அப்போது பிரேக்கர் செட்டிங்கைத் தொடாமல் விடுவதுதான் கேபிளை எரிக்கிறது. நம் உதாரணத்தில் 800 ஆம்பியர் பிரேக்கர், இரண்டு ரன்னுக்காகச் சுமார் 670இல் வைக்கப்பட்டிருக்கும். தனியாக நிற்கும் கேபிளோ 450 ஆம்பியர்தான் தாங்கும். 600 ஆம்பியர் ஓடினால் பிரேக்கர் அசையாது, கேபிள் வெந்துகொண்டிருக்கும்.

எலக்ட்ரானிக் ரிலீஸ் (பிரேக்கரை விழ வைக்கும் மின்னணுப் பகுதி) உள்ள பிரேக்கர் என்றால் 0.55க்கு இறக்கினால் 440 ஆம்பியர் வரும், அது போதும். தெர்மல் மேக்னெடிக் வகையில் பெரும்பாலும் 0.8க்குக் கீழே இறக்க முடியாது, 640இலேயே நிற்கும். அந்த நிலையில் அந்த பிரேக்கரால் கேபிளைக் காப்பாற்ற முடியாது. சிறிய பிரேக்கரை மாட்டுங்கள், அல்லது வெளியே போகும் ஃபீடர்களில் சிலவற்றை இறக்கிப் பூட்டிவிட்டு, மாற்றிய செட்டிங்கையும் தேதியையும் அதே கதவுத் தாளில் எழுதுங்கள். பழுது பார்த்து இரண்டாவது ரன்னைச் சேர்க்கும் நாளில் செட்டிங்கைத் திருப்பி ஏற்ற வேண்டியவருக்கு அது தெரிய வேண்டும்.